செல் பெருகவில்லை என்றால் குமிழியைப் பாருங்கள்

ரியாக்டரில் (செல் வளர்க்கும் கலனில்) செல்கள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தால் காரணத்தைத் தேட ஒரு நுனி கிடைக்கும். உயிர்ப்பு விகிதம், அதாவது எண்ணிய செல்களில் உயிரோடு இருப்பவற்றின் பங்கு, 95 சதவீதத்தில் நிற்க, எண்ணிக்கை மட்டும் ஏற மறுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. பெங்களூரில் பயோசிமிலர் மருந்துகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் செல் வளர்ப்புக் குழுவில் இருந்தபோது எங்களுக்கு அப்படி ஒரு சிக்கல் வந்தது. சிஎச்ஓ செல்கள், அதாவது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்வரிசை. பல வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த முறை. திடீரென்று இரண்டு லிட்டர் ரியாக்டர்களில் எண்ணிக்கை வழக்கமான அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. அதே செல்லும் அதே மீடியாவும் (செல் வளரும் ஊட்டத் திரவம்) ஷேக் ஃபிளாஸ்க்கில், அதாவது குலுக்கும் மேடையில் வைக்கும் குடுவையில், எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தன.

அப்போது கற்றதையும், சர்ஃபாக்டன்ட் (சோப்பைப் போலப் பரப்பில் போய்ப் படியும் பொருள்) விஷயத்தில் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். செல் வளர்ப்புக்குப் புதிதாக வரும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மீடியாவின் பட்டியலில் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், இன்சுலின் எல்லாவற்றையும் கவனமாகப் படிப்போம். கடைசியில் 'லிட்டருக்கு ஒரு கிராம்' என்று நிற்கும் போலாக்சமர் 188 என்ற சர்ஃபாக்டன்ட்டை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. புளூரோனிக் எஃப்-68 என்ற வணிகப் பெயர்தான் ஆய்வகத்தில் புழக்கம். செல்லுக்கு அது உணவு இல்லை. ஆனால் சீரம் இல்லாத மீடியாவில் குமிழி விடும் ரியாக்டரை அது இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், செல் தாக்குப்பிடிக்காது.

சீரம் சேர்த்து வளர்த்த காலத்தில் இந்தத் தேவை பெரிதாகத் தெரியவில்லை. பத்து சதவீதக் கன்றுக்குட்டி சீரத்தில் இருக்கும் புரதங்களே செல்லுக்கு ஓரளவு காவலாக இருந்தன. இருந்தாலும் ஸ்விம், பார்க்கர் என்ற இருவர் 1960-லேயே, குலுக்கும் மேடையில் மிதக்கவிட்டு வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு எஃப்-68 சேர்த்தால் என்ன ஆகிறது என்று சோதித்து எழுதியிருக்கிறார்கள். 1968-ல் கில்பர்ன், வெப் இருவரும் காற்றுக் குமிழி விட்ட வளர்ப்பில் அதே பொருளைப் பயன்படுத்தினார்கள். பிறகு மருந்துத் தயாரிப்பில் சீரத்தையும் விலங்குப் பொருட்களையும் விலக்கியபோது, சீரம் செய்துவந்த காவல் வேலை முழுக்க இந்த ஒரு பொருளின் தலையில் விழுந்தது.

எங்கள் சிக்கலுக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். பிஎச் எலக்ட்ரோடைச் சரிபார்த்தோம். கரைந்த ஆக்சிஜன் சென்சார், வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு அளவு, தண்ணீரின் தரம், விதைச் செல்களின் வயது என்று ஒன்று விடாமல் பார்த்தோம். எல்லாம் சரி. அடுத்து கலக்கியின் வேகத்தின் மேல் சந்தேகம் திரும்பியது. பாலூட்டிச் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான், அதனால் கலக்கி அடித்தே உடைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேகத்தைக் குறைத்தோம். பலன் இல்லை. ஆக்சிஜன் கரைவது குறைந்ததால் கருவி தானாகவே காற்றைக் கூட்டி விட்டது, எண்ணிக்கை இன்னும் கீழே போனது. அந்த இடத்தில்தான் எங்கள் குழுத் தலைவி, "கலக்கியை விடுங்க, காற்றைப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதற்கு வலுவான அடிப்படை இருந்தது. 1990-ல் கூனாஸும் பாப்புட்சாகிஸும் ஹைப்ரிடோமா செல்களை (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல்கள்) வைத்துச் செய்த சோதனையில், காற்று உள்ளே இழுக்கப்படாமல் பார்த்துக்கொண்டால் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தையும் செல்கள் தாங்கின. சுழலில் காற்று சிக்கிக் குமிழி உண்டானபோது அதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே அடிபட்டன. திரவத்துக்குள் நடக்கும் கலக்கலைவிட, திரவமும் காற்றும் சந்திக்கும் பரப்புதான் ஆபத்தான இடம்.

குமிழி மேலே வரும்போது செல்கள் அதன் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. மேற்பரப்பை அடைந்ததும் குமிழியின் மேல்மூடி கிழிந்து அதிவேகமாகப் பின்வாங்கும், அடியில் இருக்கும் குழி சரிந்து நடுவிலிருந்து ஒரு தாரை மேலே பீய்ச்சும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் குமிழி வெடிக்கும்போது எழும் விசை பெரிய குமிழியுடையதைவிடக் கொடூரமானது. ஒட்டியிருக்கும் செல் அதில் பிய்ந்துபோகும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சால்மர்ஸ் குழுவினர் இதைப் பூச்சிச் செல்களில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தே காட்டினார்கள். 1994-ல் அந்தக் குழு வெளியிட்ட கணக்கின்படி, எஃப்-68 இல்லாத மீடியாவில் 3.5 மில்லிமீட்டர் குமிழி ஒன்று வெடித்தால் சுமார் 1,050 செல்கள் சாகின்றன. எஃப்-68 சேர்த்தபோது சாவு ஏறக்குறைய நின்றுபோனது. காரணம், இந்த மூலக்கூறுகள் ஓடிப்போய்க் குமிழியின் தோலைப் பிடித்துக்கொள்கின்றன. செல் அங்கே ஒட்ட இடம் இருப்பதில்லை. குமிழி வெடிக்கத்தான் செய்யும், ஆனால் பக்கத்தில் செல் இருக்காது. செல்சவ்வின் மேலேயே படிந்து அதை உறுதியாக்குகிறது என்ற விளக்கமும் உண்டு, அதற்கும் சோதனைச் சான்றுகள் இருக்கின்றன. ரியாக்டரைப் பொறுத்தவரை ஒட்டவிடாமல் தடுப்பதுதான் பெரிய பங்கு என்பது என் கருத்து.

1,050 என்ற எண்ணை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 3.5 மில்லிமீட்டர் குமிழியின் கொள்ளளவு 0.022 மில்லிலிட்டர் அளவு. அப்படியானால் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 44,500 குமிழிகள். மணிக்கு இரண்டு லிட்டர் காற்று விட்டால், பாதுகாப்பு இல்லாத நிலையில் மணிக்கு ஒன்பது கோடிக்கும் மேல் செல் போகும். இரண்டு லிட்டர் ரியாக்டரில், மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வீதம், மொத்தம் 200 கோடி செல் இருக்கும். மணிக்கு நாலரை சதவீதத்துக்கு மேல் இழப்பு. நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்லின் வளர்ச்சியோ மணிக்கு மூன்று சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பூச்சிச் செல்லின் எண்ணை சிஎச்ஓவுக்கு அப்படியே பொருத்த முடியாது, செல் அடர்த்தியைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் வளர்ச்சியையே தின்றுவிடும் அளவுக்குக் குமிழிச் சாவு இருக்க முடியும் என்பது இதில் தெளிவாகிறது. காவல் பாதியாகக் குறைந்தால் போதும், செல் பிரிந்துகொண்டேதான் இருக்கும், எண்ணிக்கை மட்டும் பெரிதாக ஏறாது.

சரி, அப்படிச் செத்த செல், உயிர்ப்பு விகிதம் பார்க்கச் சேர்க்கும் டிரிப்பான் நீலச் சாயத்தில் ஏன் தெரியவில்லை? டிரிப்பான் நீலம் சவ்வு கெட்ட செல்லுக்குள் புகுந்து நிறம் காட்டும். நிறம் ஏற அங்கே ஒரு செல் முழுசாக இருக்க வேண்டும். குமிழியில் சிக்கிய செல் சுக்குநூறாகிவிடுகிறது, எண்ணும் கருவிக்கு அது இருந்த தடயமே கிடைக்காது. மிச்சம் இருப்பவை நல்ல செல்கள். அவற்றை மட்டும் எண்ணினால் 95 சதவீதம் வரத்தானே செய்யும்? இதற்கு மாற்று, செல்லுக்குள் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு பொருள் வெளியே எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று அளப்பது. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ், அதாவது எல்டிஎச் என்ற நொதியை மேல்திரவத்தில் அளந்தோம். பழைய ஓட்டங்களின் உறைய வைத்த மாதிரிகள் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. புதிய ஓட்டங்களில் எல்டிஎச் தொடக்க நாட்களிலேயே மேலே போயிருந்தது. செல்கள் பெருகாமல் இல்லை, பெருகியதில் பெரும் பகுதி உடைந்துகொண்டிருந்தது. சஸ்பென்ஷன் வளர்ப்பு (செல்லைத் திரவத்தில் மிதக்கவிட்டு வளர்ப்பது) செய்யும் எந்தக் குழுவுக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை இதுதான்: தினமும் எடுக்கும் மாதிரியில் ஒரு மில்லி மேல்திரவத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். உயிர்ப்பு விகிதம் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எஃப்-68 மேல் சந்தேகம் வந்ததும் மீடியா தயாரிப்புப் பதிவேடுகளைப் புரட்டினோம். சிக்கல் தொடங்கிய நாளும் போலாக்சமரின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறிய நாளும் ஒத்துப்போயின. தரச் சான்றிதழ்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை, இரண்டும் தேர்ச்சி. இது யாருடைய ஏமாற்று வேலையும் இல்லை, பொருளின் இயல்பே அப்படி. போலாக்சமர் என்பது நடுவில் நீரை விலக்கும் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடும், இரு பக்கமும் நீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடும் கோத்த சங்கிலி. 188 என்ற எண்ணில் 18 என்பது நடுத்துண்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,800 என்பதையும், 8 என்பது சங்கிலியில் எண்பது சதவீதம் பாலிஎத்திலீன் ஆக்சைடு என்பதையும் குறிக்கும். ஒரே மூலக்கூறு ஒரே எடையில் வருவதில்லை. நீளம் குறைந்தவை, நீண்டவை, பாதியிலேயே நின்றவை எல்லாம் கலந்த கூட்டம் அது. அமெரிக்க மருந்தியல் தரநூல் சராசரி மூலக்கூறு எடை 7,680 முதல் 9,510 வரை இருக்கலாம் என்கிறது. அவ்வளவு அகலமான வாசலில் நுழையும் இரண்டு லாட்கள் குமிழியின் தோலில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்த லாட் வேறுபாடு இந்தத் தொழிலில் பலருக்கும் வந்த சிக்கல்தான். அதைப் பற்றி 2014 வாக்கில் இருந்து ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. கெட்ட லாட்களில் எடை கூடிய, நீரை அதிகம் விலக்கும் துண்டுகள் கொஞ்சம் கலந்திருப்பதை அவை சுட்டுகின்றன.

ஷேக் ஃபிளாஸ்க் எங்களை ஏன் அவ்வளவு நாள் திசைதிருப்பியது என்பதும் அப்போது விளங்கியது. சாதாரண ஃபிளாஸ்க்கில் திரவம் சுவரோடு சுழலும், ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகவே உள்ளே போகும். குமிழியே இல்லை. குமிழி இல்லாத இடத்தில் நல்ல எஃப்-68-உம் கெட்ட எஃப்-68-உம் ஒன்றுதான், ஏன், எஃப்-68 இல்லாமல்கூட செல் அங்கே ஓரளவு வளரும். அதனால் பேஃபிள் ஃபிளாஸ்க்குக்கு மாறினோம். அடியில் உள்தள்ளிய மடிப்புகள் இருப்பதால் திரவம் அதில் மோதிக் காற்றை இழுத்துக் குமிழியாக்கும்.

இந்தச் சோதனையில் வேகத்தைச் சரியாக அமைப்பதுதான் பாதி வேலை. எஃப்-68 சேர்க்காத ஃபிளாஸ்க்கில் செல் தெளிவாகச் சாக வேண்டும், நல்ல லாட் சேர்த்ததில் தெளிவாக வளர வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் வேகத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் புதிய லாட்டை அதற்குள் வைக்க வேண்டும். வேகம் குறைவாக இருந்தால் எல்லாமே நல்லதாகத் தெரியும், கூடினால் எல்லாமே கெட்டதாகத் தெரியும். அமைத்ததும் விடை வெளிப்படையாக வந்தது. பழைய லாட்டின் மிச்சத்தில் செல் வளர்ந்தது, புதியதில் எஃப்-68 சேர்க்காததற்குக் கொஞ்சம்தான் மேல். அளவை இரண்டு கிராமாக ஏற்றிப் பார்த்தோம், சற்று முன்னேறியதே தவிர பழைய நிலைக்கு வரவில்லை. வேறு லாட் வரவழைத்துச் சோதித்து, அது தேறிய பிறகு ரியாக்டரில் போட்டதும் எண்ணிக்கை திரும்பி வந்தது. அப்போதிருந்து எந்த லாட்டையும் சோதிக்காமல் பயன்படுத்துவதில்லை, தேறிய லாட்டைக் கணிசமாக வாங்கி வைத்துவிடுவோம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒப்பீட்டுக்காக எடுத்து வைப்போம். அன்று பழைய லாட்டின் அடிமிச்சம் ஒரு டப்பாவில் இருந்திருக்காவிட்டால் இன்னும் பல வாரம் இருட்டில் தேடியிருப்போம்.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்-68 நுரையை நிலைக்க வைக்கும். நுரை ஏறி வெளியேறும் காற்று ஃபில்டரை நனைத்துவிட்டால் ரியாக்டரில் அழுத்தம் ஏறி ஓட்டமே போய்விடும் என்ற பயம் இரவுப் பணியில் இருப்பவருக்கு இருக்கும். அந்தப் பயத்தில் சிலிக்கோன் ஆன்டிஃபோமை (நுரை அடக்கியை) ஒரே மூச்சில் கொட்டிவிடுவார்கள். அது குமிழிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கும், ஆக்சிஜன் கரைவது குறையும், கருவி காற்றைக் கூட்டும், காற்று கூடினால் திரும்பவும் நுரை. போதாததற்கு எஃப்-68 பிடித்து வைத்திருக்கும் குமிழித் தோலில் ஆன்டிஃபோமும் இடம் கேட்கும், காவல் குறையும். பத்து பிபிஎம் அளவில் தொடங்கி, சொட்டுச் சொட்டாக, நடுவில் நேரம் விட்டுச் சேர்ப்பதே நல்லது. நுண்துளை ஸ்பார்ஜரிலிருந்து (ரியாக்டருக்குள் காற்றைக் குமிழியாக விடும் பாகம்) பெரிய துளை ஸ்பார்ஜருக்கு மாற முடிந்தால் நுரைச் சிக்கல் பெருமளவு அங்கேயே தீர்ந்துவிடும்.

இதுவரை காக்கும் சர்ஃபாக்டன்ட். கொல்லும் சர்ஃபாக்டன்ட்டை நான் முதலில் சந்தித்தது அதற்கும் பல வருடம் முன்னால், சென்னையில் மாணவனாக இருந்தபோது. ஆய்வகத்தில் வீரோ செல்கள் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த, ஒட்டி வளரும் செல்வரிசை) ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டாமல் உருண்டையாக மிதந்தன. சிலருக்கு மட்டும் நடந்தது, சிலருக்கு நடக்கவில்லை. கண்ணாடி பாட்டில்களைக் கழுவும் திரவத்தை மாற்றியிருந்தார்கள், அலசல் போதவில்லை என்பது பிறகு தெரிந்தது. சீரம் பத்து சதவீதம் போட்டவர்கள் தப்பித்தார்கள், இரண்டு சதவீதம் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சீரத்தில் இருக்கும் அல்புமின் சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது குறைந்தால் அத்தனையும் செல்சவ்வுக்குப் போகும். அதனால் சீரம் இல்லாத மீடியாவுக்கு மாறும் ஆய்வகம் பாத்திரம் கழுவும் முறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால், அந்த பாட்டிலில் ஒரு இரவு வைத்த மீடியாவில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் செல்களை விதைத்து எத்தனை காலனி வருகிறது என்று எண்ணுங்கள். நெருக்கமாக விதைத்தால் விஷம் பங்கு போய்க் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இன்குபேட்டரைத் துடைக்கும் பென்சால்கோனியம் வகைக் கிருமிநாசினிகளும் சர்ஃபாக்டன்ட்களே. அவற்றுக்கு நேர் மின்சுமை, செல்சவ்வின் வெளிப்புறத்துக்கு எதிர் மின்சுமை. மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும் செல்லைக் கெடுக்க. துடைத்த பிறகு கிருமி நீக்கிய தண்ணீராலும் 70 சதவீத ஆல்கஹாலாலும் மறுபடி துடைக்காமல் விடாதீர்கள். மெம்பிரேன் ஃபில்டர்களில் ஈரமாவதற்காகச் சேர்க்கும் டிடர்ஜென்ட் செல்லைப் பாதிக்கிறது என்று 1967-லேயே சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. இன்றைய ஃபில்டர்கள் எவ்வளவோ மேல் என்றாலும், சிறிய அளவு மீடியா வடிகட்டும்போது முதல் சில மில்லியைக் கொட்டிவிடும் பழக்கத்தை நான் விடவில்லை. பாலிசார்பேட் 80 என்ற சர்ஃபாக்டன்ட் காப்பது, கொல்வது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கொலஸ்ட்ராலையும் ஓலியிக் அமிலத்தையும் தண்ணீரில் தாங்கிக் கொண்டுபோய்ச் செல்லுக்குத் தருவதால், கொலஸ்ட்ராலைத் தானே செய்ய முடியாத என்எஸ்0 (சுண்டெலியின் மயலோமா செல்வரிசை) போன்ற செல்களின் மீடியாவில் அதற்கு நல்ல வேலை உண்டு. ஆனால் வெளிச்சத்திலும் காற்றிலும் நாளாக நாளாகப் பெராக்சைடு சேரும். சின்னப் புட்டியாக வாங்கி, இருட்டில் வைத்து, திறந்த தேதியை எழுதி, பழையதானால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ரியாக்டரும் பேஃபிள் ஃபிளாஸ்க்கும் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில்கூட எஃப்-68 லாட்டை ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒரு நூறு மில்லி அளவு உருளையில் சஸ்பென்ஷன் செல்களை மீடியாவோடு எடுங்கள். மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்றுப் பம்பில் 0.22 மைக்ரான் ஃபில்டரைப் பொருத்தி, ஒரு பிப்பெட் வழியாக அடியிலிருந்து மெதுவாகக் குமிழி விடுங்கள். மூன்று உருளை வேண்டும்: எஃப்-68 இல்லாதது, நம்பகமான பழைய லாட் சேர்த்தது, புதிய லாட் சேர்த்தது. கொஞ்ச நேரம் கழித்து மேலே திரண்ட நுரையை அகலமான முனையுள்ள பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்து, தானாகத் திரவமாக அடங்கும்வரை விட்டு, அதில் உள்ள செல்களையும் கீழே திரவத்தில் உள்ள செல்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். எஃப்-68 இல்லாத உருளையில் செல்கள் நுரைக்கு ஏறியிருக்கும், பழைய லாட்டில் கீழேயே இருக்கும். புதிய லாட் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரியும். நுரை அடங்கும் முன் அவசரப்பட்டுத் தட்டியோ சுழற்றியோ உடைக்காதீர்கள், அந்தத் தட்டலிலேயே செல் உடைந்து எண்ணிக்கை குறைவாக வரும்.